அவையேறிய மூளை

1801-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், புனித ரோமானியச் சக்கரவர்த்தி இரண்டாம் பிரான்சிஸ், தம் தலைநகராகிய வியன்னாவில் வைத்தியர் ஒருவர் ஐந்தாண்டுகளாகத் தமது இல்லத்திலே நிகழ்த்திவந்த பிரசங்கங்களை நிறுத்திவிடும்படி ஆணையிட்டார். அந்த வைத்தியரின் பெயர் ஃப்ரான்ஸ் யோசெஃப் கால். அவர் பிரசங்கித்த விஷயம் மூளை. அன்பு, அச்சம், நினைவு, பேராசை முதலிய குணங்கள் யாவும் மூளையின் தனித்தனி உறுப்புகளில் உறைகின்றன என்றும், எந்த உறுப்பு மிகுதியாக வளர்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் மண்டையோடு புடைத்துக் காணும் என்றும், ஆகவே ஒருவனுடைய தலையைத் தடவிப் பார்த்தே அவன் சுபாவத்தை உரைத்துவிடலாம் என்றும் டாக்டர் கால் போதித்துவந்தார். ஆன்மாவைச் சடப்பொருளாக்கி மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு விளைக்கும் கொள்கை இது என்பது அரசாங்கத்தின் அபிப்பிராயம். பிரெஞ்சுப் படைகளிடம் தோற்று லூனவீல் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே ஆண்டிலே, ஒரு வைத்தியரின் வீட்டுப் பிரசங்கத்தைக் குறித்துக் கவலைப்படச் சக்கரவர்த்திக்கு அவகாசம் இருந்ததென்றால், அப்பிரசங்கங்களின் செல்வாக்கு எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அரசாணையால் பிரசங்கி அடங்கிவிடவில்லை. 1805-ஆம் ஆண்டில், தம் மாணாக்கராகிய ஸ்புர்ட்ஸ்ஹைமைத் துணைக்கொண்டு, மண்டையோடுகளும் மெழுகு உருவங்களும் அடங்கிய பெட்டிகளோடு அவர் புறப்பட்ட யாத்திரை, ஜெர்மானிய நகரங்கள், டென்மார்க், ஹாலந்து, ஸ்விட்ஸர்லாந்து என்று சுற்றி, 1807-இல் பாரிஸ் நகரத்தில் வந்து நின்றது. சென்ற இடமெல்லாம் பிரபுக்களும் மாணவர்களும் கட்டணம் செலுத்திக் கேட்டார்கள். ஹாலே நகரத்தில் கேட்டவர்களுள் மகாகவி கதேயும் ஒருவர். பெர்லின் சிறைச்சாலைக்குள் புகுந்து கைதிகளின் தலைகளைத் தடவி அவரவர் குற்றத்தைக் கூறவும் டாக்டர் கால் முற்பட்டார். கோட்ஸெபூ என்னும் நாடகாசிரியர் இந்தக் கொள்கையைப் பரிகசித்து ஒரு நாடகமே எழுதினார். பரிகாசமும் ஒருவகை விளம்பரந்தானே.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே டாக்டர் கால் செய்த நற்காரியம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு அவரை நகைப்பது நியாயமாகாது. அதற்குமுன் மூளையை மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக அரிந்து காட்டுவதே வழக்கமாக இருக்க, அவர் தண்டுவடத்திலே தொடங்கி, நரம்பு நார்கள் செல்லும் மார்க்கத்தையே பற்றிக்கொண்டு மேல்நோக்கிப் பிரித்துக் காட்டினார். உடற்கூற்று வல்லுநர்கள் வியந்து பார்த்தது இந்தக் கைத்திறத்தைத்தான். 1808-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசீலனைக்கு அவர் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தபோது, கூவியே முதலிய அறிஞர்கள் கூறியவை அவருக்கு அநுகூலமாக அமையவில்லை. 1828-இல் அவர் இறந்தார். 1832-இல் ஸ்புர்ட்ஸ்ஹைம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் சென்று, பெருங்கூட்டங்களுக்குப் பிரசங்கம் செய்து, சில மாதங்களிலேயே அங்கு நோயுற்று மாண்டார். அதன்பின் அந்தச் சாஸ்திரம் சந்தைக்கு வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு தலை தடவிக் குணம் சொல்லுவோர் ஊர் ஊராகத் திரிந்தனர்.

டாக்டர் காலின் கொள்கை பிழையாகப் போனதை நான் பெரிதாகக் கருதவில்லை. பிழைபட்ட கொள்கை எந்தச் சாஸ்திரத்துக்கும் புதிதன்று. அவர் கூட்டிய சபையில் மறுப்பவன் நிற்பதற்கு இடமே இருக்கவில்லை என்பதுதான் என் குறை. புடைப்பு இருந்தும் குணம் காணப்படாவிட்டால் வேறோர் உறுப்பு அதனை அடக்கிவிட்டது என்று சமாதானம் சொல்லப்பட்டது. குணம் இருந்தும் புடைப்பு காணப்படாவிட்டால் பழக்கத்தின் மேல் பாரம் சுமத்தப்பட்டது. கேட்போர் பிரமிக்கலாம், கைதட்டலாம், நகைக்கலாம். சோதித்துப் பார்க்க மட்டும் அவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை. மூளையைப் பற்றிய பொதுப் பிரசங்கங்களின் பிற்கால வரலாறு முழுவதும், என் நோக்கில், இந்த ஒரு குறை நீங்கிய கூட்டங்களுக்கும் நீங்காத கூட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் வரலாறுதான்.

அக்குறை நீங்கியதை முதன்முதலில் தெளிவாகக் காணுமிடம் பாரிஸ் மானிடவியற் சங்கம். 1859-இல் பால் புரோக்கா என்னும் ரண சிகிச்சை வல்லுநர் நிறுவிய அச்சங்கத்தில், 1861-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மூளை ஒரே பொருளாக நின்று தொழிற்படுகிறதா, அன்றிப் பகுதி பகுதியாகப் பிரிந்து தொழிற்படுகிறதா என்ற வாதம் மூண்டது. பிரிவில்லை என்றார் கிராசியோலே; பேச்சுக்குரிய இடம் முன்மூளையில் உண்டு என்றார் ஒபுர்த்தான். இந்த ஒபுர்த்தானின் மாமனார் பூயோ, பேச்சு கெடாமல் முன்மூளை மட்டும் சிதைந்த ஒருவனைக் காட்டுவோர்க்கு 500 பிராங்கு தருவதாக 1848-லேயே பந்தயம் கூறியவர். மருமகனார் அதற்கும் ஒருபடி மேலே சென்று, ஏப்ரல் 4-ஆம் நாள் சங்கத்தின் முன்னிலையில், பேச்சிழந்த நோயாளி ஒருவன் இறந்தபின் அவன் முன்மூளை பழுதில்லாமல் இருக்கக் கண்டால் தம் கொள்கையையே கைவிட்டுவிடுவதாக வாக்களித்தார்.

சபையில் சொன்ன சொல்லுக்குச் சில நாட்களிலேயே சோதனை வாய்த்தது. பிசேத்ர் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருஷம் கிடந்த லெபோர்ன் என்னும் நோயாளி, எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஒலியையே விடையாகத் தருபவர், காலில் புரையோடிப் புரோக்காவின் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். புரோக்கா உடனே ஒபுர்த்தானை வரவழைத்து நோயாளியைப் பார்க்கச் செய்தார். நோய்க்குறியைப் பற்றிய வாதம் பின்னர் எழாமலிருக்க அது முன்யோசனை. ஏப்ரல் 17-இல் லெபோர்ன் காலமானார். மறுநாளே அவருடைய மூளை சங்கத்தின் மேசைமீது இருந்தது. இடப்பக்க முன்மூளையில், பின்னாளில் புரோக்காவின் பெயரைப் பெற்ற இடத்தில் இருந்த சிதைவை அங்கத்தினர் யாவரும் கண்ணாரக் கண்டனர். அம்மூளையைப் புரோக்கா அரியவில்லை. முழுமையாகவே பாதுகாத்து வைத்தார். அவருடைய காலத்தில் உள்ளே எவ்வளவு தூரம் சிதைவு பரவியிருந்தது என்பதைக் காணமுடியாமற் போனது உண்மைதான். ஆனால் 2007-இல் வெளிவந்த எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியில், அந்தச் சிதைவு மேற்பரப்பைக் கடந்து ஆழத்திலும் பரவியிருந்ததாகத் தெரியவந்தபோது, நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த பரீட்சகர்களுக்கும் புரோக்கா தம் சாட்சியத்தை ஒப்படைத்துச் சென்றிருக்கிறார் என்பது விளங்கியது.

இனி நான் சற்று நின்று சொல்ல விரும்புவது, 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் மாநகரில் கூடிய ஏழாவது சர்வதேச வைத்திய மகாநாட்டின் கதை. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அதில் கூடினர். பாஸ்ட்டர் வந்திருந்தார், வீர்ஷோ வந்திருந்தார், கோக் தம் கிருமி வளர்ப்பு முறையைச் செய்துகாட்டினார். அத்தனை பெரியவர்கள் கூடிய அந்த மகாநாட்டில், உடலியல் பிரிவில் ஆகஸ்டு 4-ஆம் நாள் நடந்த வாதமே மூளைச் சாஸ்திரத்தின் போக்கைத் திருப்பியது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் கோல்ட்ஸ் ஒருபுறம். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் ஃபெரியர் மறுபுறம். மூளையின் புறணியைப் பலமுறை அறுவை செய்து பெரும்பகுதி நீக்கிவிட்ட நாய் ஒன்றைத் தாம் வளர்த்துவருவதாகவும், அது நடக்கிறது, பார்க்கிறது, எவ்வுறுப்பும் முடங்கவில்லை என்றும், ஆதலால் இயக்கத்துக்கோ புலனுக்கோ தனித்தனி ஸ்தானம் மூளையில் உண்டென்பது வெறுங்கற்பனை என்றும் கோல்ட்ஸ் முழங்கினார். ஃபெரியரோ, புறணியின் இன்ன இடத்தை நீக்கினால் இன்ன செயல்தான் கெடும் என்பதைக் குரங்குகளில் தாம் நிரூபித்துவிட்டதாகச் சாதித்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இரண்டு பண்டிதர்கள் ஒருவரையொருவர் மறுத்துவிட்டு ஊர் திரும்பிய கதையாக அது முடிந்திருக்கும். கோல்ட்ஸ் தம் நாயை ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார். ஃபெரியரின் குரங்குகளும் சித்தமாக இருந்தன. அன்று பிற்பகலில் சபையே எழுந்து கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றது. நாய் அவர்கள் முன்னே நடமாடியது; கோல்ட்ஸ் சொன்னது சொன்னபடியே இருந்தது. பின்னர் குரங்குகள் கொண்டுவரப்பட்டன. மூளையின் இடப்பக்கத்தில் இயக்க ஸ்தானம் நீக்கப்பட்ட முதற்குரங்கு, வலக்கையும் வலக்காலும் விளங்காமல், பக்கவாதம் கண்ட மனிதனைப் போலவே தத்தி நடந்தது. அதனைக் கண்ட பாரிஸ் நகரத்து ஷார்க்கோ, இது ஒரு நோயாளி அல்லவா என்று வியந்து கூறிவிட்டார். இரண்டாவது குரங்கின் பக்கமூளையில் இருபுறமும் செவிப்புலனுக்குரிய இடம் நீக்கப்பட்டிருந்தது. அருகில் வெடிகுப்பி ஒன்றைப் படாரென்று வெடித்தபோது, மற்றக் குரங்கு திடுக்கிட்டுத் துள்ள, இது அசையாமல் இருந்தது.

ஆனாலும் கண்டவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டே நின்றன. அப்பொழுது இருவரும் இணங்கிய காரியந்தான் என் மனத்தை மிகவும் கவர்வது. நாயும் முதற்குரங்கும் மயக்க மருந்தால் கொல்லப்பட்டு, அவற்றின் மூளைகள், வாதிகள் இருவரையும் சாராத பரீட்சகர் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. பல ஆண்டுகள் உழைத்து, அந்த உழைப்பின் பயன் முழுவதையும் ஓர் ஓட்டுக்குள் வைத்திருப்பவர், அதனை எதிர்க்கட்சியும் பார்க்கும்படி அந்நியர் கையில் கொடுப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாமானியமானதன்று. குழுவினரின் முடிவு ஃபெரியருக்குச் சாதகமாக அமைந்தது: குரங்கின் சிதைவு அவர் குறித்த எல்லைக்குள் இருந்தது, நாயின் சிதைவோ கோல்ட்ஸ் எண்ணியிருந்த அளவுக்குப் பரவவில்லை, இயக்க ஸ்தானத்தில் ஒரு பங்கு தப்பியிருந்தது. அந்த நாயின் மூளையை லாங்லி என்னும் ஆசிரியரோடு சேர்ந்து துருவி ஆராய்ந்த இளம் மாணவர் ஒருவரின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அதைப் பற்றியே 1884-இல் வெளியாயிற்று. அந்த மாணவர்தான் சார்ல்ஸ் ஷெரிங்டன். நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயரிட்டு, பிற்காலத்தில் நோபல் பரிசும் பெற்றவர்.

பலர் அறியச் செய்ததற்கு ஃபெரியர் ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. உயிர்ப்பிராணிகளை அறுத்துச் சோதிப்பதை எதிர்த்துவந்த சங்கத்தார், பத்திரிகைகளில் வெளியான மகாநாட்டுச் செய்தியையே ஆதாரமாகக் கொண்டு, 1876-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி அனுமதிச் சீட்டில்லாமல் அறுவை செய்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுத்தனர். 1881 நவம்பரில் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில், அறுவை செய்தவர் சக ஆசிரியரான ஜெரால்ட் யோ என்பதும், அவரிடம் அனுமதி இருந்தது என்பதும் வெளிப்படவே, வழக்குத் தள்ளப்பட்டது. சங்கத்தாரின் மனவேதனையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அந்தக் குரங்கின் பக்கம் நின்று பேச வேறு எவருமே இருக்கவில்லை. ஆயினும் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஹியூஸ் பென்னட் என்னும் வைத்தியர் நோய்க்குறிகளைக் கொண்டே இன்ன இடத்தில் கட்டி இருக்கிறது என்று கணித்துச் சொல்ல, ரிக்மன் காட்லீ என்னும் ரண சிகிச்சை வல்லுநர் ஓர் இளைஞரின் மண்டையைத் திறந்து, கணித்த இடத்திலேயே கட்டியைக் கண்டு எடுத்தார் என்பதையும், கணித்தற்கு உதவியது ஃபெரியர் வரைந்த மூளைப் படம் என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். காயத்தில் சீழ் பிடித்து அந்த இளைஞர் ஒரு மாத காலத்துக்குள் இறந்துபோனார். ஃபெரியரின் குரங்குகளைப் பற்றிய தர்க்கம் அவ்வாண்டு டிசம்பரில் டைம்ஸ் பத்திரிகையில் மறுபடியும் பற்றிக்கொண்டது.

லண்டனில் வியந்து நின்ற ஷார்க்கோ, தம் சொந்த ஊரில் கட்டி ஆண்ட சபையோ வேறு ரகம். பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் அவருக்காகவே 1882-இல் நரம்பு நோய்களுக்கென ஒரு பேராசிரியர் பீடம் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் முன்கூட்டியே எழுதிச் சீர்செய்த விரிவுரை. செவ்வாய்க்கிழமைகளிலோ, தாம் முன்பின் பார்த்திராத நோயாளியைச் சபையின் நடுவே அழைத்து, விசாரித்து, அங்கேயே நோயை நிர்ணயம் செய்துகாட்டுவார். வர்ணச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகையில் எழுதுவார். ஒளிப்படக் கருவியால் திரையில் படம் காட்டுவார். ஒவ்வொரு நோயிலும் நடை எப்படித் தளரும் என்பதைத் தாமே நடந்து காட்டுவார். நடுக்க நோயுடைய பெண்களுக்கு நீண்ட இறகு செருகிய தொப்பிகளை அணிவித்து, இறகின் ஆட்டத்தைக் கொண்டே ஒரு நடுக்கத்துக்கும் மற்றொரு நடுக்கத்துக்கும் உள்ள பேதத்தைக் கடைசி வரிசைக்கும் விளங்கவைத்தார் என்றால், இதனினும் சிறந்த போதனா முறையை நான் கேட்டதில்லை. பார்க்கின்சன் நோய்க்கு அப்பெயரை வழங்கச்செய்தவரும் அவரே.

வைத்தியர்கள் மாத்திரம் வந்துகொண்டிருந்த வரையில் யாவும் செவ்வனே நடந்தன. நாளடைவில் எழுத்தாளர், பத்திரிகைக்காரர், நடிகர் எல்லாரும் வரத் தொடங்கினர். அவர்கள் எதிர்பார்த்தது தண்டுவடத்துச் சிதைவுகளையன்று, ஹிஸ்டீரியா கண்ட பெண்கள் மயக்க நித்திரையில் வில்லாக வளைவதையும் சிலையாக நிற்பதையுமே. ஆந்த்ரே புரூயே 1887-இல் தீட்டிய பிரசித்தி பெற்ற ஓவியத்தில், பிளான்ஷ் விட்மன் என்னும் நோயாளி உணர்வற்றுச் சாய, சீடர் பாபின்ஸ்கி தாங்கிப் பிடிக்க, ஷார்க்கோ விளக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். அப்படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை, அவரிடம் சில மாதம் பயின்ற ஃபிராய்ட் தம் சிகிச்சை அறையில் மாட்டிவைத்திருந்தார். வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவையை அளவுக்குமேல் அறிந்துவிட்டவனுக்கு நேரும் கேட்டுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருந்தால் ஷார்க்கோ அதற்கு உதாரணமாவார். என்ன காட்டவேண்டும் என்பது சபைக்குத் தெரிந்திருந்தது, நோயாளிகளுக்கும் தெரிந்திருந்தது. நான்ஸி நகரத்து பெர்ன்ஹைம், இக்காட்சிகள் யாவும் கருத்தேற்றத்தின் விளைவுகளே என்று வாதித்தார். 1893-இல் ஷார்க்கோ இறந்தபின் அந்தப் பெருஹிஸ்டீரியாவே அருகி மறைந்தது. ஓவியத்தில் நோயாளியைத் தாங்கி நின்ற பாபின்ஸ்கியே, பிற்காலத்தில் ஹிஸ்டீரியாவைப் பற்றிய ஆசிரியரின் கொள்கையைத் திருத்தி எழுதினார்.

ஆரவாரமே இல்லாத சபைகளும் உண்டு. ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால், 1889-ஆம் ஆண்டு அக்டோபரில், சாயமேற்றிய சில்லுகளையும் தம் நுண்பெருக்கியையும் சுமந்துகொண்டு, தம் செலவிலேயே பெர்லினுக்குச் சென்றார். ஜெர்மானிய உடற்கூற்றுச் சங்கத்தின் கூட்டத்தில், அவருடைய தேசத்திலிருந்து சாஸ்திரம் வரக்கூடும் என்று எவரும் நம்பாத நிலையில், முதிர்ந்த பேரறிஞரான கோல்லிக்கரை அழைத்துவந்து நுண்பெருக்கியின் முன் அமர்த்திவிட்டார். பார்த்தபின் பேச்சுக்கு அவசியமில்லாமற் போயிற்று. நரம்பணுக்கள் தனித்தனியே நிற்பவை என்ற கொள்கை அன்றுமுதல் பலம் பெற்றது. 1906-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் பரிசைக் கஹாலும், அவர் கையாண்ட சாயமுறையைக் கண்டுபிடித்த இத்தாலியரான கோல்ஜியும் பகிர்ந்துகொண்டபோது நிகழ்ந்தது விநோதமானது: டிசம்பர் 11-இல் உரையாற்றிய கோல்ஜி, நரம்பு மண்டலம் இடையறாத ஒரே வலை என்று சாதித்து, அடுத்த நாள் பேச இருந்தவரின் கொள்கையையே கண்டித்தார். மறுநாள் கஹால் எழுந்து தம் சான்றுகளை வரிசையாக எடுத்துவைத்தார். அணுவுக்கும் அணுவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருப்பதை எலெக்ட்ரான் நுண்பெருக்கி காட்டியது 1950-களில். அப்போது இருவருமே உயிரோடில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தச் சபைகளின் மரபு நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. மான்ட்ரியாலில் மூளை அறுவை வல்லுநர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை அறுவைக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். அவ்விருவரும், எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நரம்பியல் வைத்தியர்களுமாக நால்வர் சேர்ந்து 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். இந்தத் துறையில் தேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில் சங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். எண்ணிக்கை அவ்வளவு குறைந்திருந்ததனாலேயே, ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக் குற்றம் சொல்ல ஓர் இடம் அவர்களுக்கு அவசியமாயிற்று என்றே நான் கொள்கிறேன்.

அதற்கும் ஓராண்டு முன்னர் பிரிட்டிஷ் வானொலியில் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்திய ஜே. இசட். யங், ஆக்டோபஸின் மூளையை ஆராய்ந்த விலங்கியலார், மேசையும் இல்லாமல், கரும்பலகையும் இல்லாமல், கேட்போரின் முகமும் தெரியாமல் மூளையைப் பற்றிப் பேசவேண்டியவரானார். 1976-இல் அதே சொற்பொழிவுகளைக் காலின் பிளேக்மோர் நிகழ்த்தினார். 2003-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் நிகழ்த்தினார். கண்ணுக்குத் தெரியாத சபையிடம் எந்தச் சாட்சியத்தை ஒப்படைப்பது? ராமச்சந்திரனிடம் அதற்கு ஏற்றதொரு பொருள் இருந்தது. கை துண்டிக்கப்பட்டபின்னும் இல்லாத கையில் வலி உணர்வோர்க்கென 1990-களில் அவர் அமைத்தது, ஒரு பெட்டியும் அதன் நடுவே நிறுத்திய சாதாரண நிலைக்கண்ணாடியுந்தான். இருக்கும் கையைக் கண்ணாடியின் முன் வைத்து அசைத்தால், இழந்த கையே திரும்பி வந்து அசைவதுபோலத் தோன்றும். அத்தோற்றத்தினால் சிலருக்கு வலி தணிந்தது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாத இச்சோதனையை எந்த ஆஸ்பத்திரியிலும் எவரும் செய்து பார்க்கலாம். பலர் செய்தும் பார்த்தனர். பயன் உண்டென்று சிலர் எழுதினர். பெரிதாக ஒன்றும் காணவில்லை என்று வேறு சிலர் எழுதினர். அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.